குடும்ப வரலாற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 நெருங்குகிறது. 1639-ல் மதராசப்பட்டினத்து மணல்திட்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன நாளைச் சென்னை தினமாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. அதையொட்டிப் பிள்ளைகளின் டைரியில் இப்படி ஒரு வரி வரும்: ‘குடும்ப மரம், சார்ட்டில் செய்து வரவும். போட்டோ ஒட்டவும். திங்கட்கிழமை காட்ட வேண்டும்.’ அந்த ஒரு வரிக்காக ஞாயிறு ராத்திரி ஸ்டேஷனரி கடை வாசலில் அம்மாக்கள் நிற்பார்கள். தெர்மாகோல் ஷீட், மினுக்குத் தூள், பச்சை ஃபோம் ஷீட், வெட்டித் தயாராக வைத்திருக்கும் மரம் எல்லாம் வாங்கியாகும். பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும். மரத்தை அம்மா ஒட்டுவார், எழுத்தை அப்பா எழுதுவார், மார்க் பிள்ளைக்கு விழும்.

நாங்கள் பள்ளிகளில் ஓவியமும் தையலும் கைவேலையும் சொல்லித் தருகிறவர்கள். தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று சொல்ல வேண்டும். குடும்ப வரலாற்றுக் கைவேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ஆறு பீரியட் ஒதுக்கி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொருளைக் கொடுத்து, வகுப்பிலேயே செய்ய வையுங்கள். மரத்தையும் போட்டோவையும் விட்டுவிடுங்கள். ஏன் என்பதைச் சுருக்கமாகவும் எப்படி என்பதை விரிவாகவும் எழுதுகிறோம்.

முதலில் மரம். கடையில் கிடைக்கும் மரத்தில் அங்கிள், ஆன்ட்டி என்று கட்டம் போட்டிருக்கும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் அந்த ஒரே அங்கிளுக்குள் போய் அடைய வேண்டும். அதையாவது சமாளிக்கலாம். நம் வீடுகளில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்! அக்கா மகளைக் கட்டிய மாமா வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பெற்ற பாட்டிதான் அப்பாவுக்கு அக்கா. பிள்ளைக்கு அவர் பாட்டியும்தான், அத்தையும்தான். மரத்தில் அவரை எந்தக் கிளையில் ஒட்டுவது? கிளை பிரிந்துகொண்டே போகும் என்று வரைந்த படத்தில், பிரிந்த கிளை திரும்பி வந்து சேரும் குடும்பத்துக்கு இடமே கிடையாது. அப்பா விட்டுவிட்டுப் போன வீடும், இல்லத்தில் வளரும் பிள்ளையும், தத்துப் பிள்ளையும் இதே மரத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். காலிக் கட்டம் சார்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேறெதுவும் தெரியாது.

அடுத்தது போட்டோ. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. ஆல்பம் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்கும். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். 2004 சுனாமியில் கடலோரக் குப்பங்களிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் இதே கதைதான். ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களில் எத்தனை பேர் போட்டோவைப் பத்திரமாகக் கொண்டுபோயிருப்பார்கள்? ‘உங்க வீட்ல ஒரு போட்டோகூடவா இல்ல?’ என்று நாற்பது பேர் நடுவில் ஒரு பிள்ளையைக் கேட்கக் கூடாது. போட்டோ இருக்கிற வீட்டுக்கும் ஆபத்து உண்டு. இருக்கும் ஒரே ஒரு ஸ்டுடியோ படத்தில் தாத்தாவின் தலையை மட்டும் வெட்டி ஃபெவிகால் தடவிவிட்டால் அதோடு முடிந்தது. யாராவது கொண்டுவந்தே தீருவேன் என்றால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். ஜெராக்ஸ் கருப்பு தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படம் பசை ஈரம் பட்டதும் பரவி, பாட்டிக்கு மீசை முளைத்துவிடும்.

இனி செய்யும் விதம். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் துணித் திரைதான் எங்கள் சிபாரிசு. பிள்ளைக்கு ஒரு சதுரம், எல்லாம் சேர்த்தால் வகுப்புக்கு ஒரு திரை.

36 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 8 அங்குலச் சதுரம் காடாத் துணி. சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 7 அங்குலம் நிற்கும். ஆறுக்கு ஆறு வைத்தால் மூன்றரை அடிச் சதுரத் திரை. 40 பேர் என்றால் ஐந்துக்கு எட்டு. துணி வாங்கும்போதே தவறு நடப்பது இங்கேதான். 48 அங்குல அகலத்தில் வரிசைக்கு ஆறு சதுரம் கச்சிதமாக வரும் என்று கணக்குப் போட்டு வாங்கி வந்துவிடுவார்கள். காடாத் துணியில் கஞ்சி ஏற்றியிருக்கும், துவைத்தால் சுருங்கும். 48 என்று வாங்கியது 46-க்கு வந்து நிற்கும், வரிசைக்கு ஐந்துதான் தேறும். துவைக்காமலே வெட்டித் தைத்தால் அதைவிட மோசம்: முதல் தடவை நனைந்ததும் காடா சுருங்கும், மேலே தைத்த துணி சுருங்காது, திரை முழுவதும் அப்பளம் மாதிரி பொங்கி நிற்கும். அதனால் 54 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலத்தில் 3 மீட்டர் வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் சதுரங்களுக்கு, ஒன்றரை மீட்டர் பின்புறம் கொடுக்க. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, அலசி, நிழலில் காய வைத்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.

வெட்டக் கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தில் 8 அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கையால் கிழித்தால் காடா இழையோடு நேராகக் கிழியும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். முதல் பீரியடில் வகுப்பு கலகலப்பாவதற்கு அது ஒன்றே போதும். கிழித்த ஓரம் சுருண்டுகொள்ளும். இன்னொரு தடவை இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்.

இந்தச் சதுரத்தின் மேல்பாதியில் வீட்டிலிருந்து வரும் துணித் துண்டு உட்கார வேண்டும். உள்ளங்கையளவு போதும், 4 அங்குலத்துக்கு மேல் கேட்காதீர்கள். பழைய லுங்கி, வேட்டிக் கரை, பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணி, ஆட்டோ ஓட்டுகிறவரின் காக்கிச் சட்டை, அண்ணன் போட்டுக் கிழிந்த யூனிஃபார்ம், எதுவானாலும் சரி. ‘பட்டுப்புடவைத் துண்டு கொண்டு வா’ என்று எழுதி அனுப்பாதீர்கள். செத்துப்போனவர்களின் துணியையும் கேட்காதீர்கள். பல வீடுகளில் அதை வைத்திருக்க மாட்டார்கள், வைத்திருக்கிற வீட்டில் வெட்டக் கொடுக்க மாட்டார்கள். துணியே வராத பிள்ளைக்குத் தையல் அறையில் மிஞ்சியதிலிருந்து அதுவே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே அளவு, ஒரே காடா அடித்துணி என்று வந்துவிட்டால் காஞ்சிபுரம் ஜரிகையும் கடைத்தெரு லுங்கியும் பக்கத்துப் பக்கத்தில் சமமாகத்தான் தெரியும். காடாவை அடியில் போடச் சொல்வதே அதற்காகத்தான்.

துணிக்குத் துணி சேட்டை மாறும். பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப் போயிருக்கும். உள்ளே செருகும் முனையில் மடிப்பு விழாத இடமாகப் பார்த்து எடுத்தால் தாங்கும். வெட்டிய ஓரத்தின் பின்பக்கம் கொஞ்சம் கஞ்சி தடவிக் காயவிட்டால் இழை பிரியாது. ஜரிகையில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். இப்போது வரும் ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை, சூட்டில் சுருண்டுபோகும். மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும். நைலக்ஸ், பாலியஸ்டர் புடவையாக இருந்தால் ஓரத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினால் உருகிப் பிடித்துக்கொள்ளும். அதை ஆசிரியர் மட்டும்தான் செய்ய வேண்டும், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால்.

கட்டம் போட்ட கைத்தறித் துணி வந்தால் உஷார். மெட்ராஸ் என்ற பெயரிலேயே அமெரிக்காவுக்குப் போன நம் கட்டத் துணி சாயம் ஓடி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்து, கடைசியில் ‘சாயம் போவதுதான் இதன் அழகு’ என்று விளம்பரம் செய்து விற்ற கதை 1950-களின் கடைசியில் நடந்தது. உங்கள் திரையில் பக்கத்துப் பிள்ளையின் சதுரத்துக்கு அந்த அழகு வேண்டாம். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துண்டைத் தனியாகத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத் தையுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது.

துண்டைச் சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே மடித்து ஹெம்மிங் செய்ய வேண்டும். சதுரத்தின் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே வையுங்கள். ஓரம் வரை போனால், கடைசியில் சதுரங்களைச் சேர்க்கும்போது பட்டும் காக்கியும் நாலு மடிப்பாகச் சேர்ந்த இடத்தில் மெஷின் ஊசி உடையும்.

கீழ்ப்பாதியில் பெயர். யாருடைய பெயர்? இங்கேதான் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் வேண்டாம். பிள்ளை கூப்பிடும் பெயரைத் தைக்கட்டும். ஆயா, அம்மாச்சி, அப்பத்தா, அம்மாயி, அப்புச்சி, அவ்வா, நைனா, நன்னிமா, பெரியம்மா. ஒரே வகுப்பில் இத்தனையும் வரும். வளர்த்தவர் யாரோ அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறதோ அதைத் தைக்கட்டும். அது பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், இல்லத்து வார்டனாகவும் இருக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் தங்கள் எழுத்திலேயே தைக்கட்டும்.

தமிழ் எழுத்துக்குச் சங்கிலித் தையல்தான் சரி. ஓட்டுத் தையலில் வளைவு நிற்காது, ‘ஆ’ என்பது உடைந்த கொக்கி மாதிரி ஆகிவிடும். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. தையல் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் மூன்று சுழி ‘ண’வில் சுழி எல்லாம் சதுரமாகிவிடும், ரெண்டு சுழியா மூணு சுழியா என்று தைத்தவருக்கே தெரியாது. பேனாவால் எழுதிக்கொண்டு தைக்க விடாதீர்கள், நனைந்தால் மை பரவும். பென்சிலோ துணிக்கான சாக்கட்டியோ போதும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்று இழையைப் பிரித்தெடுக்க வேண்டும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். ஊசி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டிக்கொள்ளும் பிள்ளைதான் அரை பீரியடைச் சிக்கெடுப்பதில் கழிக்கும். 8 மீட்டர் கண்டு ஒன்று ஐந்து பிள்ளைக்கு வரும். பத்துக் கண்டு வாங்கினால் மீதியும் இருக்கும்.

இன்னொரு விஷயம், அனுபவத்தில் தெரிவது: புள்ளியை முதலில் வைக்கச் சொல்லுங்கள். எழுத்தைத் தைத்துவிட்டு அப்புறம் புள்ளி வைக்கலாம் என்று விட்டால் நூல் தீர்ந்துவிடும், மணி அடித்துவிடும், திரையில் ‘அம்மாச்சி’ ‘அமமாசசி’யாகத் தொங்கும். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தி இறக்கினால் நல்ல உருண்டைப் புள்ளி விழும். முதல் பத்து நிமிடத்தில் எல்லாப் புள்ளிகளும் வைத்தாகிவிட்டால் எழுத்து தானாகவே தன் இடத்தில் உட்காரும். கோலத்தில் நாம் செய்வதும் அதுதானே.

நூலின் நிறத்தைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே நிறம், ஆசிரியர் கையால். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிற காலம் இது. பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை சொன்னது. கையிலிருந்து அவிழ்த்த கயிற்றைத் திரையில் தைத்துத் தொங்கவிட வேண்டாம்.

இதை ஒட்டியே கேட்கக் கூடாத கேள்விகளையும் சொல்லிவிடுகிறோம்: குலதெய்வம் எது, பரம்பரைத் தொழில் என்ன, சொந்த ஊரில் எந்தத் தெரு. மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். பழைய கல்யாணப் பத்திரிகை நல்ல ஆவணம். இரு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர், ஊர், தேதி, மண்டபம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் இருக்கும். ஆசிரியர் முதலில் பார்த்து, வேண்டிய வரிகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கட்டும். (மொய் நோட்டைக் கொண்டு வா என்றால் இதைவிடப் பெரிய குடும்ப வரலாறு கிடைக்கும். எந்த வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள்.)

அப்படியானால் என்னதான் கேட்பது? ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க ஆயா’ என்று கேட்டால், ‘என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம், வளத்தோம்’ என்பதோடு பேட்டி முடிந்துவிடும். பொருளைக் கேட்டால் வாய் திறக்கும். வீட்டில் அடுப்பு எங்கே இருந்தது, அதில் எதை எரித்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தூக்கியது? மெட்ராஸுக்கு முதல் தடவை எதில் வந்தீர்கள், கையில் என்ன இருந்தது? மூன்று கேள்வி போதும். ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் ஆயாவாக நடிக்க, மற்றவர் கேட்டுப் பழகட்டும். பதில் வந்ததும் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழக்குங்கள். அது பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான்.

வருஷம்தான் பெரிய தலைவலி. பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். ‘தனுஷ்கோடி புயல் வந்தப்போ உங்க அப்பன் வயித்துல’ என்பார்கள். அதனால் கரும்பலகையின் ஓரத்தில் ஓர் ஏணி வரைந்து வைத்துவிடுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல். 1969 பிப்ரவரி அண்ணா மறைவு. 1984 அக்டோபர் இந்திரா காந்தி கொலை. 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மறைவு. 1996 மெட்ராஸ் சென்னையானது. 2004 சுனாமி. 2015 வெள்ளம். பிள்ளை கேட்டு வந்ததை எந்தப் படிக்கும் எந்தப் படிக்கும் நடுவில் வைப்பது என்று வகுப்பே சேர்ந்து கணக்குப் போடும். தமிழ் வருஷம் சொல்கிறவர்களும் உண்டு. ‘குரோதி வருஷம் கல்யாணம்’ என்றால் போனில் தேடும் பிள்ளை 2024 என்று எழுதிவரும். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பும்; பாட்டியின் குரோதி 1964-65. ஆதார் கார்டில் இருக்கும் பிறந்த தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்க் காதைத் தொட்டுக் காட்டினால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலத்து ஆட்கள் அவர்கள். வருஷத்தைப் பென்சிலில் எழுதி, முன்னால் ‘சுமார்’ போடச் சொல்லுங்கள்.

சென்னைக்கு வந்த வழியைக் காட்ட இன்னொரு வேலை உண்டு, இது நூலால். நாலடிக் காடாத் துணியைச் சுவரில் இழுத்துக் கட்டி, வலப்பக்கம் ஒரு பழைய நீல லுங்கியை வைத்துத் தைத்தால் வங்காள விரிகுடா. ஊர்களை அளவு பார்த்துக் குறிக்க வேண்டாம், திசை சரியாக இருந்தால் போதும். தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் அச்சடித்து ஒட்டிவிட்டு இறங்கினால், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த குடும்பத்துக்கு ஊர் இருக்காது. 1969-ல் பர்மா பஜார் எப்படி வந்தது என்று வடசென்னைப் பிள்ளையைக் கேட்டால் தெரியும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

இந்த வேலை கெடுவது ஓர் இடத்தில்தான். 36 நூலும் சென்னை என்ற ஒரு புள்ளியில் வந்து முடிந்தால் அங்கே எலிக்கூடு மாதிரி ஒரு முடிச்சு விழும். ஒரு புள்ளிக்குப் பதில் 10 அங்குல மர எம்பிராய்டரி வளையத்தைச் சென்னையாகப் பொருத்துங்கள். சுற்றளவு 31 அங்குலம் இருக்கும். ஆளுக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் இடம் கிடைக்கும். அப்போதும் தெற்கேயிருந்து வரும் நூல்கள் வளையத்தின் அடிப்பக்கத்திலேயே மோதும். ஒரே திசையிலிருந்து வருபவற்றை விழுப்புரம் வந்ததும் மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னி, வளையத்தின் அருகில் வந்து பிரித்துக் கட்டினால் நெருக்கடி தீரும். ரயில் பாதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது. நூல் முனையில் ஒரு சின்னச் சீட்டு: எதில் வந்தார்கள், எங்கே இறங்கினார்கள். தாத்தா பாரிஸ் கார்னரில் இறங்கியிருப்பார், 2002-க்குப் பிறகு வந்த அப்பா கோயம்பேட்டில், இப்போது ஊரிலிருந்து வரும் சித்தப்பா கிளாம்பாக்கத்தில். மூன்று தலைமுறை மூன்று பஸ் ஸ்டாண்டில் முடிந்துவிடும். எங்கிருந்தும் வராமல் இங்கேயே இருந்தவர்களுக்கு வளையத்தின் உள்ளே இடம். அதற்குள் கொசஸ்தலை, கூவம், அடையாறு மூன்றையும் நெடுக்கே பக்கிங்காம் கால்வாயையும் முதலிலேயே தைத்து வைத்துவிட்டால் காசிமேட்டுப் பிள்ளையும் பெரும்பாக்கத்துப் பிள்ளையும் தங்கள் நூலை உள்ளேயே ஓட்டிக்கொள்வார்கள். இருபது கிலோமீட்டர் இடமாற்றமும் இடமாற்றம்தான்.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஊசி வேண்டாம். அவர்களுக்கு மடிப்புப் புத்தகம். 22-க்கு 28 அங்குல சார்ட் ஒன்றை நீளவாக்கில் நான்காக வெட்டினால் ஐந்தரை அங்குல உயரப் பட்டை நான்கு. ஒரு சார்ட் நான்கு பிள்ளைக்கு. பட்டையைப் பாதியாக மூன்று தடவை மடித்தால் ஸ்கேலே இல்லாமல் மூன்றரை அங்குலப் பக்கம் எட்டு வந்துவிடும். பிறகு விசிறி மடிப்பாகத் திருப்பிக்கொள்ளலாம். சில சார்ட் மடித்த இடத்தில் வெடிக்கும், காகித இழைக்குக் குறுக்கே மடிப்பதால் வருவது அது. ரீஃபில் தீர்ந்த பேனாவால் முதலில் கோடு அழுத்திவிட்டு மடித்தால் வெடிக்காது. அட்டைக்கு ஸ்வீட் பாக்ஸ் போதும். ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால் அட்டை வளையும், இரண்டு பக்கமும் ஒட்டி ராத்திரி முழுக்கக் கனம் வையுங்கள். பசைக்கு ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளியும்வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும். பூச்சி வராமலிருக்கப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வகுப்பறைக்குள் வரவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

மறுபடி துணித் திரைக்கு வந்து முடித்துவிடுகிறோம். ஊசிகளை ஒரு குளியல் சோப்புக் கட்டியில் எண் போட்டுக் குத்தி வையுங்கள். ஊசிக்கு வழுவழுப்பும் கிடைக்கும், மணி அடிக்கும்போது காலி ஓட்டையைப் பார்த்தால் யாருடையது வரவில்லை என்றும் தெரியும். 36 திரும்பி வராமல் வகுப்பை விடாதீர்கள். சதுரங்களை முதலில் வரிசை வரிசையாக மெஷினில் இணையுங்கள். முதல் வரிசைத் தையலை இடப்பக்கம் மடித்துத் தேய்த்தால் அடுத்ததை வலப்பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மூலை தடிக்காது. பின்புறத் துணியில் 4 அங்குலப் பட்டை ஒன்றைக் குழாய் மாதிரி தைத்து, உள்ளே திரைக்கம்பி செருகி மாட்டுங்கள். இரண்டு மூலையில் மட்டும் ஆணியடித்தால் நடுவில் தொய்ந்து, ஆயாவும் அம்மாச்சியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள்.

மார்க் போட்டே ஆக வேண்டும் என்று மேலிடம் சொன்னால் தையலுக்குப் போடுங்கள், மடிப்புக்குப் போடுங்கள், நேரத்துக்கு முடித்ததற்குப் போடுங்கள். குடும்பத்துக்கு மார்க் போடாதீர்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று சீட்டு ஒட்டவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களைத் திரை பார்க்கக் கூப்பிடுவதாக இருந்தால் ‘அப்பா அம்மா வரவும்’ என்று எழுதாமல் ‘வீட்டிலிருந்து யாராவது ஒருவர்’ என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் செப்டம்பர் கடைசிக்குள் தைத்து மாட்டிவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ராத்திரி வைத்த பசை மறுநாளும் காயாது, துவைத்த காடா மூன்று நாளைக்கு வாடை அடிக்கும். மாட்டும் சுவர் ஓதம் அடிக்கிற சுவரா என்று இப்போதே கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓவியம், தையல், கைவேலை ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.